வெறும் போசி

பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த போசியை வெறுமனே திருப்பிக் கொடுத்திருக்கிறீர்களா நீங்கள்? கொடுத்திருக்க மாட்டீர்கள். வேலாங்காட்டிலும் யாரும் கொடுப்பதில்லை. மூடி போட்ட அந்தச் சின்ன எவர்சில்வர் பாத்திரம் கொள்ளுப்பருப்போடு வந்தால் நாலு கத்திரிக்காயோடு போகும், கத்திரிக்காய் இல்லாத நாளில் ஒரு கை சர்க்கரையோடு போகும், அதுவும் இல்லையென்றால் குழந்தை பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய மிட்டாய் இரண்டாவது உள்ளே கடகடவென்று உருண்டுகொண்டு போகும். சிவரஞ்சனி கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. சத்தமாகச் சிரிக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள், புருஷன் மோகன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியோடு சத்தீஸ்கர் போய்விட்டால் இவள் ராஜ்ஜியம்தான் என்று சொல்லியிருக்கிறார்கள், போசி விஷயத்தில் மட்டும் ஒரு வாய் அவளைக் குறை சொன்னதில்லை. அதை நினைத்துச் சிரிப்பு வந்தது அவளுக்கு, சமுதாயக் கூடத்து முன்னால் போட்டிருந்த பந்தலில், நீல நாற்காலியில், மடியில் மகள் இனியாவோடு உட்கார்ந்திருக்கும்போது. காலையில் கொடியேற்றியபோது கொடுத்த மிட்டாயை இனியா இன்னும் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தாள், கையெல்லாம் ஆரஞ்சுப் பிசுக்கு, அந்தக் கையாலேயே அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்துப் பிடித்து அங்கே ஒரு கொடி மாதிரி தீற்றல். சுதந்திர தினத்துக் கிராம சபை. மணி பதினொன்றரை இருக்கும். தலைவர் பொன்னுச்சாமி குடிதண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டி மேல் கட்டியிருந்த இரண்டு குழாய் ஒலிபெருக்கியும் அவர் சொன்னதை ஒரு விநாடி தாமதமாகத் திருப்பிச் சொல்லின, ஒன்று மேற்கே பார்த்து, ஒன்று கிழக்கு வீதியைப் பார்த்து. தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் போடுகிறதாகத் தொட்டியே ஒத்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

அவள் கையில் ஒரு கோடு போட்ட காகிதம், நாலாக மடித்தது. தீர்மானம். எழுதியது அவள்தான், பள்ளிக்கூடத்தில் நல்ல கையெழுத்துக்கு வாங்கிய டம்ளர் இன்னும் அம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறது, ஆனால் சொன்னது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பிரபாவதி. இருவரும் ஐந்தாவது வரைக்கும் ஒரே பெஞ்ச், ஒரே ஊரில் வாழ்க்கைப்பட்டது தற்செயல். பிரபாவின் புருஷன் லாரி ஓட்டினான். முதுகு வலிக்கு ஒரு மாத்திரை, அது கூட ஓட்டுகிற ஒருத்தன் சும்மா கொடுத்தது, சாப்பிட்டால் வலியும் தெரியாது களைப்பும் தெரியாது என்று. பிறகு மேட்டுக்கடை மெடிக்கலில் சீட்டில்லாமல் அட்டை அட்டையாக. பிறகு கரைத்து ஊசியில். மாசி மாதம் வண்டிக்குள்ளேயே, ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்குகிற மாதிரி இருந்தானாம், உயிர் இல்லை. மெடிக்கல்காரன் தலைவருக்கு மச்சினன் முறை. அபராதம் கட்டினான், ஒரு வாரம் கடை சாத்தியிருந்தது, எட்டாவது நாள் புதுப் பெயின்ட் அடித்துத் திறந்தான். பிரபா அழவில்லை. சாயங்காலம் சிவரஞ்சனி வீட்டுக்கு வந்து, நீ எழுதுடீ, நான் சொல்றேன் என்றாள். மருத்துவர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரையோ ஊசியோ மற்ற எந்த வலி மருந்தோ விற்பவர் யாராக இருந்தாலும் உரிமத்தைப் பறித்து, எளிதில் ஜாமீன் கிடைக்காத பிரிவில் வழக்குப் போட்டு, அதற்கான சட்டத்தை அரசு இன்னும் கடுமையாக்க வேண்டும். எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது பிரபா காகிதத்தை வாங்கி விற்பவர் என்ற வார்த்தையில் விரல் வைத்தாள். பிறகு, விக்கறவன் மட்டுமா, சும்மா குடுத்துப் பழக்குனவன் என்ன ஆனான் என்று கேட்டாள். அதனால் விற்பவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூரை போட்டு மேலே எழுதினாள்: அல்லது கொடுப்பவர். அப்புறம் யாராக இருந்தாலும் என்பதற்குக் கீழே ஒரு கோடு. அழகான கோடு, ஸ்கேல் வைத்து. நூற்று முப்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், கைநாட்டையும் சேர்த்து.

தலைவர் அதைக் கடைசியில் எடுத்துக்கலாம் அம்மணி என்று சொல்லிவிட்டார். கடைசி என்றால் டீயும் மிக்சரும் வந்து பாதிப் பேர் எழுந்துவிடுகிற நேரம், அது அவருக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் நர்ஸம்மா ஜெபமணி போதைப் பொருள் பற்றி விழிப்புணர்வு பேச வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. நர்ஸம்மா நல்ல பேச்சுக்காரி, தடுப்பூசி போடும்போதே குழந்தைக்குக் கதை சொல்கிறவள். மாத்திரையைச் சொன்னாள், ஊசியைச் சொன்னாள். அப்புறம் வெளிநாட்டில் ஃபென்டானில் என்று ஒன்று ஆயிரக்கணக்கில் ஆளைக் கொல்கிறது, மார்ஃபினைவிட ஐம்பது நூறு மடங்கு வீரியம், உப்புக்கல்லு ரெண்டு மூணு அளவு உள்ளே போனாலே மூச்சு நின்றுவிடலாம், இங்கே அப்படித் தெருவில் விற்கிற அளவுக்கு வரவில்லை, வரவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை என்றாள். சிவரஞ்சனி நல்லாச் சொல்லுது நர்ஸம்மா என்று தலையாட்டினாள். அந்தப் பெயரை எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. எங்கே? வெள்ளை உறையில். பச்சை எழுத்தில். கத்தரிக்கோல் படம் போட்டு, இங்கே வெட்டவும் என்று புள்ளிக்கோடு. எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போதே நர்ஸம்மா அடுத்ததைச் சொல்லிவிட்டாள்: புத்துநோய் வந்தவங்களுக்கு டாக்டர் எழுதிக் குடுக்கற ஒட்டற பேட்ச் இருக்குதுங்களே, அதுல இருக்கறதும் இதேதான், அவங்களுக்கு அது வரம், மத்தவங்களுக்கு எமன், வீட்டுல மிச்சம் இருந்தா ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்துருங்க. இனியா மடியில் திரும்பிப் படுத்தாள். மிட்டாய் பல்லில் பட்டு நறுக்கென்றது.

மாமனாருக்குத் தாடையில் வந்தது. கடைசி ஐந்து மாதம் அவருக்கு மூன்று நாளைக்கு ஒரு பட்டை; அவளும் அவரும் அதைப் பட்டை என்றுதான் சொன்னார்கள், கோயிலில் போடுகிற பட்டை மாதிரி அவர் நெஞ்சில் போட்டுக்கொள்கிறதால், அவர்தான் அப்படிக் கேலியாகப் பேர் வைத்தார், பேச்சுப் போவதற்கு முன்னால். அவள் கத்தரிக்கோலால் உறையை வெட்டுவாள், ஒட்டுவாள், உள்ளங்கையை வைத்து முப்பது எண்ணுகிறவரை அழுத்துவாள், பட்டையின் மேல் பால்பாயின்ட் பேனாவால் தேதி எழுதுவாள். உள்ளங்கைக்குக் கீழே அவர் நெஞ்சு ஏறி இறங்கும். எடுத்த பழைய பட்டையை ஒட்டுப்பக்கம் உள்ளே போக மடித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்து ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கொடுத்தால்தான் அடுத்தது. ஒழுங்காகக் கொடுத்தாள். அவர் போன பிறகு வெட்டாத உறை இரண்டு மிஞ்சியது. அதையும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஆள் போன பிறகு எந்த முகத்தோடு அந்த வராந்தாவில் போய் நிற்பது? அந்த வாசனை, அந்த பெஞ்சு, அந்தப் பெஞ்சில் இவர்களைப் போலவே இன்னும் உட்கார்ந்திருக்கிறவர்கள். அடுத்த தடவை கொடுக்கலாம் என்று நினைத்தாள். அடுத்த தடவை என்று ஒன்று இல்லை என்பது டிவி ஸ்டாண்டு டப்பாவில் அதை வைத்து மூடும்போது தோன்றவே இல்லை. அதே டப்பாவில்தான் இனியாவின் காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், தலைவலித் தைலம். எல்லாம் மருந்துதானே என்று. குழந்தை எட்டாத உயரம் என்று அப்போது நினைத்தாள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே அந்த உயரத்தை அளந்து பார்த்தாள். இனியா இந்த வருஷம் நன்றாக வளர்ந்துவிட்டாள். வீடு பூட்டியிருக்கிறது. சாவி இடுப்பில். சரி. ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒன்று.

நேற்று சாயங்காலம் கிழக்கு வீதி தெய்வானை அக்காவின் போசி திரும்ப வேண்டியிருந்தது. கொள்ளுப்பருப்பு கடைந்து அனுப்பியிருந்தாள், பூண்டு தட்டிப் போட்டு, இனியா விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாள். தெய்வானை அக்கா தறிக்குப் போகிறவள், இருபது வருஷமாக ஒரே தோளால் ஊடைநூல் நாடா மாற்றி மாற்றி வலது தோள் போய்விட்டது, புருஷன் திருப்பூரில், வீட்டில் தனி ஆள். போசியை வாங்க அவளே வாசலுக்கு வந்துவிட்டாள். கத்திரிக்காய் இல்லை. சர்க்கரை டப்பாவில் எறும்பு. தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்ததும் சிவரஞ்சனிக்கு ஒரே சந்தோஷம், என்ன கொடுக்கலாம் என்று தெரிந்துவிட்ட சந்தோஷம். மாமாவுக்கு ஒட்டுனதுங்க்கா, வலியை அப்படியே உறிஞ்சிரும், மெடிக்கல்ல பிளாஸ்திரி வாங்கி ஒட்டறீங்களே அதெல்லாம் இதுகிட்ட நிக்காது. போசிக்குள் வைத்து மூடி கொடுத்தாள். கத்தரிக்கோலும் வேண்டும் என்று ஞாபகமாகச் சொன்னாள். ஞாபகமாக. தெய்வானை அக்கா சொன்னது இப்போது ஒரு சொல் விடாமல் வந்தது, தறிச் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகிய அந்தக் குரலோடு: நாளைக்குத் தறி லீவு கண்ணு, காலையில தலைக்கு ஊத்திட்டு, இதை ஒட்டி, மேல சுடுதண்ணிப் பையை வெச்சுட்டு, மத்தியானம் வரைக்கும் எந்திரிக்காம தூங்கப்போறேன்.

தூங்கப்போறேன். பந்தலில் யாரோ பெரியவர் கேட்டார், எங்கண்ணனுக்கு ஒரு வருஷமா ஒட்டுனாங்களே, ஒண்ணும் ஆகலையே என்று. அப்பாடா, அதுதானே, மாமாவுக்கும் ஒன்றும் ஆகவில்லையே, ஐந்து மாதம். நர்ஸம்மா சிரித்தாள், அவங்க உடம்பு அளந்து அளந்து பழகினதுங்க, பழகாத உடம்புக்கு ஒரே ஒரு பேட்ச் போதும், முதல்ல தூக்கமாத்தான் வரும், அப்புறம் மூச்சு மெதுவாகும், கூட இருக்கறவங்க நல்லாத் தூங்கறாங்கன்னு விட்டுருவாங்க, சூடு கீடு வெச்சாப் போச்சு, மருந்து மளமளன்னு உள்ள இறங்கிரும் என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். தெருவிளக்கு என்று தலைவர் ஆரம்பித்தார். சிவரஞ்சனி கூட்டத்தைப் பார்த்தாள், பச்சைச் சேலை, ரோஸ் சேலை, நூறு நாள் வேலைக்காரர்கள் வரிசை, தெய்வானை அக்கா எப்போதும் தூண் ஓரமாக உட்காருவாள், தூண் ஓரத்தில் ஒரு தண்ணீர் கேன் உட்கார்ந்திருந்தது. போனை எடுத்து அவளுக்குப் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. போனை எங்கேயாவது வைத்துவிட்டுக் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருப்பாள். மறுபடி போட்டாள். ஓடினால் பத்து நிமிஷம், இனியாவைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பதினைந்து. ஓடினால் தீர்மானம் போச்சு. எழுதுனவளே எந்திரிச்சுப் போயிட்டா, அடுத்த தடவை பாத்துக்கலாம் என்பார் தலைவர், அடுத்த தடவை, அந்த வார்த்தைதான் டப்பாவில் இருந்த வார்த்தை. பிரபாவிடம் காகிதத்தைக் கொடுத்து நீ வாசி என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். பிரபாவை ஓடச் சொல்லலாம். எதற்கு என்று கேட்பாள். நர்ஸம்மாவின் காதில் மட்டும் போய்ச் சொல்லலாம், நர்ஸம்மா மேடைக்கு அந்தப் பக்கம், நடந்து போனால் எல்லோரும் பார்ப்பார்கள், பார்த்தால் என்ன. எந்த வழியில் போனாலும் நடுவில் ஒரு இடத்தில் பிரபா உட்கார்ந்திருந்தாள், இதோ இப்படி, முழங்கை உரச, வெறும் கழுத்தோடு. சும்மா குடுத்துப் பழக்குனவன் என்ன ஆனான்? நான் பழக்கலைடீ, போசி வெறுமனே போகக்கூடாதுன்னு. அவனும் கூட்டாளிக்கு முதுகு வலிக்கிறதே என்றுதானே கொடுத்திருப்பான். அவன் முகத்தை இத்தனை மாதமும் சிவரஞ்சனி கெட்டவன் முகமாகவே நினைத்துவைத்திருந்தாள், மீசையெல்லாம் வைத்து. இப்போது அந்த முகத்தில் மீசை இல்லை, வாசலில் நின்று சிரித்துக்கொண்டு மூடியை அழுத்தி மூடுகிற முகம். உள்ளங்கையில் மாமாவின் நெஞ்சு ஏறி இறங்கியது. முப்பது வரை எண்ணுவதுண்டு. இருபத்தெட்டு, இருபத்தொன்பது. தொட்டி மேல் ஒலிபெருக்கி, கிழக்கு வீதியைப் பார்த்தது, தெருவிளக்கு என்று தாமதமாகச் சொன்னது. கிழக்கு வீதிக்கு ஓடினால் பத்து நிமிஷம். அதற்கு ஒரு விநாடி.

இனியாவைத் தூக்கிப் பிரபா மடியில் வைத்தாள். காகிதம் கீழே விழுந்ததை எடுக்கவில்லை. தலைவர் கையிலிருந்த மைக்கை, ஒரு நிமிஷம் குடுங்க தலைவரே என்று கேட்டு வாங்கினபோது அவர் அசந்துபோய்க் கொடுத்துவிட்டார். தன் குரல் தொட்டி மேலிருந்து திரும்பி வந்தது அவளுக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது, நிதானமாக, பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி வாசிக்கிற பெண்ணைப் போல. "தெய்வானை அக்கா, நான் மோகன் வீட்டு ரஞ்சனி பேசறேன். தோள் வலிக்குன்னு நேத்து போசியில வெச்சுக் குடுத்தேனே, அந்தப் பட்டையை ஒட்டியிருந்தா உடனே உரிச்சுப் போடுங்க. சுடுதண்ணிப் பையை எடுத்துருங்க. தூங்காதீங்க. அக்கா வீட்டுப் பக்கத்துல ஆரு இருந்தாலும் போய்க் கதவைத் தட்டி எழுப்புங்க. அது வெஷ மருந்து. தெரியாம நான்தான் குடுத்துட்டேன்." ஒரு விநாடி கழித்து ஊர் முழுக்க நான்தான் குடுத்துட்டேன் என்றது. நர்ஸம்மா அதற்குள் ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள். டீக் கேனைத் திறந்த ஆள் திறந்தபடியே நின்றான். பிரபாவை அவள் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது ஏதோ பதில் சொல்லப்போகிற மாதிரி. ஒன்று, இரண்டு என்று முப்பது வரை எண்ணினாள், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள், எத்தனை முப்பது என்று அவளுக்குத் தெரியாது, போன் அடித்தது. "ஏங்கண்ணு, என்ற தோளைப் பத்தி ஊருக்கே மைக்குல சொல்லுவியா நீயி," என்றது தறிக் குரல், ஆனால் கத்தவில்லை, நாக்குத் தடித்த மாதிரி மெதுவாக வந்தது. பக்கத்து வீட்டார் கதவை இடித்து எழுப்பினார்களாம். ஒன்பது மணிக்கு ஒட்டினாளாம், உரித்தாச்சாம், வாய் வறண்டு வாந்தி வருகிற மாதிரி இருக்கிறதாம். பின்னால் நர்ஸம்மாவின் குரல், பச்சைத் தண்ணீரில் கழுவுங்க, உட்கார வையுங்க, நூத்தி எட்டுக்குச் சொல்லியாச்சு, உரிச்சாலும் ஒரு நாள் பூரா ஆஸ்பத்திரியில வெச்சுப் பாக்கோணும், நேரத்துல எடுத்தாச்சு, பயமில்லை. பயமில்லை என்று கேட்ட பிறகுதான் சிவரஞ்சனி பந்தலைத் திரும்பிப் பார்த்து, அக்கா எந்திரிச்சுட்டாங்க என்றாள்.

அப்புறம் கொஞ்சம் சிரிப்பு வந்தது பந்தலுக்கு, பயம் போன பிறகு வருகிற சிரிப்பு. பின்வரிசையில் ஒரு குரல், மேட்டுக்கடை மெடிக்கல்காரன் பக்கத்தில் இருந்துதான் வந்தது, அப்ப அம்மணியையும் சேத்தி உள்ள வெக்கோணுமே என்றது. தலைவர் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன்தான் அவர், மச்சினன் விஷயம் தவிர. தீர்மானங்களை எழுதிக்கொண்டிருந்த ஊராட்சி செயலரிடம் குனிந்து ஏதோ சொன்னார், பிறகு சிவரஞ்சனியிடம், உன்ற நல்லதுக்குச் சொல்றேன் கண்ணு, அந்தத் தீர்மானத்துல கொடுப்பவர்னு ஒரு வார்த்தை மேல எழுதியிருக்குதே, அதை மட்டும் அடிச்சுட்டாப் போதும், உனக்கும் தொந்தரவில்லை, நானும் இப்பவே நிறைவேத்திக் குடுத்தர்றேன் என்றார். இப்பவே. டீக்கு முன்னால். அவளுக்கு ஒரு விநாடி அது குளிர்ந்த தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரே ஒரு வார்த்தை, ஒரு கோடு இழுத்தால் போதும், அவள் கோடு நேராகத்தான் வரும். அந்தக் கோடு வழியாக நாளைக்கு மெடிக்கல்காரன் வெளியே வருவான், நான் விக்கலைங்க, தெரிஞ்சவங்கன்னு சும்மா குடுத்தேன் என்று. அவன் பின்னால் மீசையில்லாத அந்த முகம். அதற்குப் பின்னால் அவளும் தன் போசியோடு. அப்போதுதான் பிரபாவைப் பார்த்தாள். பிரபா இனியாவின் பிசுபிசுத்த கையைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு விரலாக, தலை நிமிராமல். துடைத்து முடித்துக் குனிந்து, கீழே கிடந்த காகிதத்தை எடுத்து மண்ணைத் தட்டி, கையை நீட்டினாள். முகத்தில் என்ன இருக்கிறது என்று சிவரஞ்சனிக்குப் படிக்கத் தெரியவில்லை. மன்னிப்பு மாதிரியும் இல்லை, கோபம் மாதிரியும் இல்லை. சும்மா நீட்டியிருந்த ஒரு கை. அதைப் போய் வாங்கிக்கொண்டாள். நாலாக மடித்ததைப் பிரித்து, மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பேனாவோடு காத்திருந்த ஊராட்சி செயலரின் மேஜைமேல் வைத்தாள்.

"எதையும் அடிக்காதீங்க சார். அப்படியே எழுதிக்குங்க. கீழ முதல் ஆளா என்ற பேரைப் போடுங்க, கொடுப்பவர்னு போட்டே போடுங்க."